மாதாவுக்குப் பின்னால் ஒரு டிவி

விசுவாசத்தைக் காப்பாற்றக் கிளம்புகிற ஆம்பளை முதலில் வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். எர்மோ சொல்லவில்லை. மற்ற கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்தது.

விஷயம் இதுதான். டிவியில் 'மடத்துச் சுவர்' என்று ஒரு தொடர். அதில் சிஸ்டர் மயூமி என்கிற கன்னியாஸ்திரி, மடத்துத் தோட்டக்காரனிடம் மனசைப் பறிகொடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான். பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் பக்கத்தில் பாதிப் பேர் சண்டை போட்டார்கள், மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள்.

சான் ரோக் தெருச் சிற்றாலயத்தில் கூட்டம் போட்டார்கள். டிவிக்காரனுக்குக் கண்டனம் அனுப்பலாம் என்றார் ஒருவர். நாடகம்தானே, விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். அன்றைக்கு மூன்றாவது பூசை முடித்துவிட்டு வந்திருந்த பாதர் பெனில்டோ கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "பாக்கறதும் பாக்காததும் அவங்கவங்க மனசாட்சி. பாத்தா யோசிச்சுப் பாருங்க. பாக்காம கல்லெறியாதீங்க" என்றார்.

எர்மோவுக்கு அது போதவில்லை. அவர் தெருச் செபமாலைக் குழுவின் தலைவர். பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்க உதவும் ஆளை பாதர் வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்ந்தெடுக்கப்போகிறார். அந்த ஆளுக்குக் கிடைக்கிற வெள்ளை அங்கியை எர்மோ கனவிலேயே பலமுறை போட்டுப் பார்த்தவர். எழுந்து நின்றார்.

"நம்ம தெருவுல ஒரு கண்ணுகூட அதைப் பாக்கக் கூடாது. மாதா முன்னாடி கையத் தூக்கி சத்தியம் பண்ணுவோம்."

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி ஃபிடேலாவின் குரல் வந்தது. "ஒரு நாடகம் இடிச்சு விழற விசுவாசம்னா, அது முன்னாடியே சாஞ்சுதான நின்னிருக்கணும்?"

சிரித்தார்கள். ஆனால் மாதா பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைத் தூக்காமல் யார் உட்கார்ந்திருப்பது? எல்லாரும் தூக்கினார்கள். ஃபிடேலாவும் தூக்கினாள். நாள் முழுக்கத் துவைத்து, சமைத்து, பேரனைக் குளிப்பாட்டி ஓய்ந்த கை அது. அவள் காலை நீட்டி உட்கார்வதே அந்த நாடக நேரத்தில்தான். அன்று முதல் அதுவும் போயிற்று.

அந்த வாரம் பார்த்து மாதா சொரூபம் எர்மோ வீட்டு முறைக்கு வந்தது. வீடு வீடாக ஒரு வாரம் தங்கும். சாயங்காலம் தெருப் பெண்கள் வந்து செபமாலை சொல்வார்கள். எர்மோ மாதாவை நேராகக் கொண்டுபோய் டிவிக்கு முன்னால் வைத்தார். இரண்டு பக்கமும் பூச்சாடி.

"ஏங்க, சன்னலோரம் காத்து வருமே. மாதாவை அங்க வைக்கலாமே?"

"இங்கதான் இருக்கணும். காவலுக்கு."

"யாருக்குக் காவல்?"

"உனக்குத்தான்."

ஃபிடேலா பூச்சாடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் சண்டை போடாமல் நகர்ந்ததற்கே எர்மோ பயந்திருக்க வேண்டும். இவருக்கு அப்போது அலுப்பு. கொள்கைக்காரனுக்கு அலுப்பு அதிகம்; எந்நேரமும் நாலு பேர் முன்னால் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பாருங்கள்.

செபமாலை முடிந்து காற்று வாங்கப் போனவர், அடுத்த தெருவில் டூரோயின் முடிவெட்டுக் கடை வாசலில் நின்றார். உள்ளே டிவி ஓடியது. எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி எதிர்ப்பது? பாதரே சொன்னாரே, பார்க்காமல் கல்லெறியாதே என்று. ஆனால் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போகிறவன் வருகிறவன் கேட்பான். நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது.

"என்னண்ணே வெட்டணும்?"

"மெதுவா வெட்டு."

அன்றைக்கு முடி. மறுநாள் மீசை. அதற்கு மறுநாள் மயூமி தோட்டக்காரனின் கடிதத்தை எரிப்பாளா மாட்டாளா என்ற கவலையில், டூரோய் கேட்டதற்கெல்லாம் எர்மோ "சரி, சரி" என்றார். வெளியே வந்தபோது தலையில் காற்று சில்லென்று பட்டது.

"வெயில் ஜாஸ்திதான், இல்லீங்க?" என்றாள் ஃபிடேலா, அவர் மண்டையைப் பார்த்து.

"ரொம்ப ஜாஸ்தி" என்றார் எர்மோ.

வியாழக்கிழமை நாடகத்தில் மயூமி மடத்துச் சுவர் ஏறி விழுந்தாள்; அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று பார்க்க எர்மோ மொட்டைத் தலையில் இன்னொரு தடவை கத்தி வைக்கச் சொன்னார். டூரோய்க்கே மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செபமாலை. தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பாதர் வீட்டில் சமைக்கிற புரேசாவும் இருந்தாள். ஆரம்பிக்கும் முன் யாருக்காக, எதற்காக வேண்டுவது என்று அவரவர் கருத்தைச் சொல்லும் நேரம். ஒருத்தி மகனின் கப்பல் வேலைக்காக வேண்டினாள். ஒருத்தி முழங்கால் வலிக்காக. ஃபிடேலா முக்காட்டை இழுத்துவிட்டு, தழுதழுத்த குரலில் சொன்னாள்:

"சுவரிலிருந்து விழுந்து இறந்துபோன மகள் மயூமியின் ஆத்துமம் இளைப்பாற..."

பெண்கள் தலை குனிந்தார்கள். "நித்திய இளைப்பாற்றியை..." என்று எல்லாரும் ஆரம்பித்தார்கள். எர்மோ பொறுத்தார். செபமாலைத் தலைவர் முன்னாலேயே உயிரோடு இருக்கிறவளுக்கு மரித்தோர் செபமா? பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"நிறுத்துங்கம்மா. அவ சாகல. மாமரத்துக் கிளையில அங்கி மாட்டித் தொங்கிட்டிருக்கா. மடத்துத் தலைவி இப்பத்தான் விளக்கை எடுத்துட்டு வரா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே கேட்டது.

"அப்பாடா" என்றாள் ஃபிடேலா. "பொழைச்சுக்கிட்டா. நான் சொன்னேன்ல, இவருக்குத் தெரியும்னு. காலையில வந்த மீன்காரி, மயூமி விழுந்துட்டாள்னு மட்டும் சொல்லிட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா. அதுலேருந்து எங்க யாருக்கும் வேலையே ஓடல."

"நான் கருத்துச் சொல்ல வரும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சுது அக்கா" என்றாள் முழங்கால் வலிக்காரி.

எர்மோ நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் முன்னால் வெள்ளை அங்கி மெல்ல மடிந்து பெட்டிக்குள் போயிற்று. "புரேசா, பாதர்கிட்ட..." என்றார்.

"நான் ஏண்ணே சொல்றேன்?" என்றாள் புரேசா. "சத்தியத்தைக் கட்டினவரு நீங்க. நீங்களே அவிழ்த்துவிட்டுட்டா சொல்றதுக்கு என்ன இருக்கு?"

எர்மோ எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் செபமாலையை உருட்டியபடி அவர் மொட்டையைப் பார்த்தார்கள். களைப்பாக இருந்தது. நாள் முழுக்க நிமிர்ந்தே நின்ற முதுகு, கொஞ்சம் வளைந்தால் தேவலை என்றது.

"பாதர் சொன்னதுதான் சரி" என்றார். "பாக்கறது அவங்கவங்க மனசாட்சி. யோசிச்சுப் பாருங்க."

"ஆமென்" என்றார்கள் பெண்கள், இதுவரை சொன்ன எந்த ஆமெனையும்விடச் சத்தமாக.

செபமாலையை ஒரு மணிகூட விடாமல் சொன்னார்கள். பிறகு ஃபிடேலா மாதாவை இரண்டு கையாலும் ஏந்திச் சன்னலோரம் காற்று வரும் இடத்தில் வைத்து, பூச்சாடிகளையும் நகர்த்தினாள். டிவி விழித்தது. எல்லாரும் வசதியாக உட்கார்ந்தார்கள்; ஃபிடேலா எர்மோவின் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினாள். பராக்கோ என்கிற அந்த ஊர்க் கடுங்காபியின் வாசம் வந்தது. போட்டுக்கொண்டு வந்தது எர்மோ.

கடைசிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு அவர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் ஃபிடேலா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தரையில உக்காந்து இங்கயே பாருங்க. இன்னிக்கும் டூரோய் கடைக்குப் போனா, வழிக்கறதுக்குப் புருவம் மட்டும்தான் மிச்சம்."