நான் சாகடித்த பட்டாளத்துக்காரன்

நான் நடிகனாக இருந்தது மொத்தம் ஏழு வாரங்கள். அந்த ஏழு வாரத்துக்குள் குடிபாலாவைச் சேர்ந்த ஒரு பட்டாளத்துக்காரனை, அவனைப் பெற்றவளின் கண்ணெதிரே, திருப்பதிக்குப் போகிற பஸ்ஸில் சாகடித்துவிட்டேன். அந்த ஆள் அந்த நேரத்தில் எங்கேயோ வடக்கே சுகமாகச் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. சித்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிற வேலை. என் நைனா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமலிருப்பது கொலைக்கு அடுத்தபடியான குற்றம் என்பது அவர் கணக்கு. தியேட்டர்காரர்களும் இங்கிலீஷ் படங்களை ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகத்தான் போட்டுத் தொலைத்தார்கள். இரண்டு குற்றத்தில் சிறிய குற்றம் எது என்று நான் யோசித்ததே இல்லை. தியேட்டருக்குப் போய்விடுவேன்.

அப்படித்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பட்டாளத்து முகாம் ஒன்றில் நடக்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதற்குமுன் நான் பார்த்த கதாநாயகர்கள் எல்லாரும் துக்கம் வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் வசனம் பேசுகிறவர்கள். இந்தப் படத்தின் ஆட்கள் ஒன்றுமே பேசவில்லை. ஒருத்தன் சும்மா சுவரைப் பார்த்தான். நான் அழுதுவிட்டேன். இன்னொருத்தன் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டவன் மாதிரி முணுமுணுத்தான். (தெளிவாகப் பேசியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கப் போவதில்லை. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.)

என் சிநேகிதன் தேவதானத்துக்குப் பழைய பேப்பர் கடை. எடைக்கு வரும் இங்கிலீஷ் சினிமாப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து அவன் எங்கள் சபையில் உலக சினிமாவின் அதிகாரியாகிவிட்டிருந்தான். அவன்தான் விளக்கினான்.

"டேய் ஜெயசீலா, அவங்க நடிக்கல. அதுக்குப் பேரு மெத்தட். பட்டாளத்துக்காரனா வரணும்னா மாசக்கணக்கா பட்டாளத்தாரோட தங்கி, அவங்க சோத்தத் துன்னு, அவங்க தூக்கத்தத் தூங்கி, அவனாவே மாறிடுவாங்க."

"அழறது?"

"சொந்த துக்கத்த நெனச்சிக்கினு அழணும். கிளிசரின்லாம் கெடையாது."

வாலிபர் சங்கத்தின் காரியதரிசியும் அவனே. அறுவடைக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் கொண்டாடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அவனே எழுதி இயக்கிய நாடகத்தில் எனக்கு முக்கிய வேடம். யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய், செத்துப்போன தன் கூட்டாளியின் தாயைப் பார்க்க வருகிறான். அவள் மகனைப் பற்றிக் கேட்கிறாள். இவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. தொப்பியை மெல்லக் கழற்றுகிறான். ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். அவள் புரிந்துகொள்கிறாள். திரை.

வசனம் இல்லாத வேடம் என்று வேறு எவனாவது இருந்தால் சண்டை போட்டிருப்பான். எனக்கோ தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேசுவதைக் குறைத்தேன். அம்மா குழம்பு போதுமா என்று கேட்டால் சுவரைப் பார்த்தேன். அம்மா வேப்பம்பூக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

சொந்த துக்கத்துக்குத்தான் பஞ்சம். எனக்கு வேண்டியவர்கள் எல்லாரும் கல்லுமாதிரி இருந்தார்கள். கடைசியில் சின்ன வயதில் நாங்கள் வளர்த்த ஆட்டை நினைத்துக்கொண்டேன். தாவீது என்று பெயர். என் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரை வரும். சித்தப்பா கல்யாணத்தன்று மத்தியானம் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தபிறகுதான் சொன்னார்கள். தாவீதை நினைத்தால் இரண்டு நிமிஷத்தில் கண் நிரம்பிவிடும். மெத்தட் வேலை செய்தது.

மிச்சமிருந்தது சிப்பாயாக வாழ்ந்து பார்ப்பது. தேவதானத்தின் மாமா ஓய்வுபெற்ற ஹவில்தார். அவருடைய பழைய சீருடையை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தான். மாமா என்னைவிட இரண்டு பங்கு. பேண்டை பெல்ட்டால் இழுத்துக் கட்டினோம். பூட்ஸுக்குள் பேப்பரைத் திணித்தோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பதி வரை பஸ்ஸில் போய்விட்டு வந்தால், ஒரு சிப்பாயை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும் என்பது திட்டம். (இது சட்டப்படி குற்றம் என்பதும் அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.)

பஸ் ஏறியதுமே ஒருவர் எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். இன்னொருவர் கொய்யாப்பழம் நீட்டினார். நான் இரண்டையும் ஒரு வீரனின் சோகத்தோடு ஏற்றுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு நடுவயது அம்மாள், அவளுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன். கரும்பு விவசாயிகள் என்பதைக் கை சொன்னது. கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

"இன்னா தம்பி, மில்ட்ரியா?"

தலையை லேசாக அசைத்தேன்.

"எங்க புள்ளகூட மில்ட்ரிதான். வேலு. குடிபாலா ராஜம்மா புள்ள வேலுன்னா எல்லாருக்கும் தெரியும். மூணு மாசமா ஒரு கடுதாசி இல்ல. அவன் நல்லாருக்கணும்னுதான் நானும் இவரும் மலைக்கு மொட்ட போடப் போய்க்கினு இருக்கோம். நீ பாத்தியா அவன?"

இன்றைக்கு நினைத்தால் அந்த இடத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு மனுஷனாக இருந்தால் "தெரியாதும்மா" என்று சொல்லியிருப்பான். நான் மனுஷனாக இல்லை, நடிகனாக இருந்தேன். மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த அதே கேள்வி, ஒரு நிஜத் தாயின் வாயிலிருந்து! இப்படி ஒரு பயிற்சி அமெரிக்காவில்கூட யாருக்கும் கிடைத்திருக்காது என்று உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தொப்பியை மெல்லக் கழற்றி முழங்கால்மேல் வைத்தேன். தாவீதை நினைத்தேன். பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்து நின்ற தாவீது. ஒரு சொட்டு, கன்னத்தில் அழகாக, பாதி வழியில் நின்று, பிறகு இறங்கியது. அதைவிடச் சிறப்பாக நான் பிறகு எப்போதும் நடித்ததில்லை.

"ஐயோ! என் புள்ள பூட்டானே!"

அந்த அலறலில் டிரைவர் போட்ட பிரேக்கில் பின்சீட்டுக் கூடைகள் முன்சீட்டுக்கு வந்தன. "ஏமாயிந்தி? ஏமாயிந்தி?" என்று கண்டக்டர் ஓடிவந்தார். ராஜம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் முனிசாமி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி குனிந்துகொண்டார். பஸ்ஸில் பாதிப் பேர் அழுதார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுந்து நின்று, தேசத்துக்காக உயிர்விட்டவர்களுக்குச் சாவே கிடையாது என்று தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறந்தேன். "இல்லம்மா... நான் வந்து..." மூன்று வாரமாக முணுமுணுத்துப் பழகிய வாய். பக்கத்திலிருந்தவருக்கே கேட்கவில்லை.

"பாவம், கூட்டாளி போன துக்கம், பேச்சு வரல" என்றார் கொய்யாப்பழம் கொடுத்தவர்.

வாத்தியார் எல்லாரையும் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொன்னார். நின்றார்கள். நானும் நின்றேன். (கேவலத்திலும் கேவலம் அதுதான்.) மௌனம் முடிந்ததும் முனிசாமி நிமிர்ந்து என் கையைப் பிடித்தார்.

"எப்டிப்பா செத்தான்? ரொம்பக் கஷ்டப்பட்டானா? உள்ளத சொல்லு நைனா."

அதோடு மெத்தட் என்னைவிட்டு ஓடிப்போனது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிற நம்மூர்க் கதாநாயகன் குரலில் கத்தினேன்: "நான் மில்ட்ரியே இல்லீங்க! டிராமாக்காரன்! சித்தூர்ல டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்கறேன்! உங்க புள்ள யாருன்னே எனக்குத் தெரியாது! எங்க ஆட்ட நெனச்சி அழுதேன்!"

ஆட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் அடி வாத்தியாருடையது. அவர் குடை உறுதியானது. நான் இறங்கி ஓடினேன். இடது பூட்ஸ் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. பத்தடிக்குள் பிடித்துவிட்டார்கள். பஸ் நேராக வழியிலிருந்த போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிலிட்டரீனா?"

"காதண்டி, இல்லீங்க."

"மரி, ஈ டிரஸ் ஏமிட்டி?" என்று சட்டையைச் சுண்டிக் கேட்டார்.

"அறுப்பின் பண்டிகைக்குங்க" என்றேன். அவருக்கு அது என்ன பட்டாளம் என்று விளங்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டபிறகு அவர் ராஜம்மாவைச் சமாதானப்படுத்தினார். உன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தப் பையன் கிறுக்கன் என்றார். ராஜம்மா அசையவில்லை.

"எனக்கு எப்டி சார் தெரியும்? இவன் மொதல்ல அழுததும் நெசம் மாதிரிதான் இருந்துச்சி. இப்ப இல்லன்றான். எது நடிப்பு?"

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பித் தன் மேஜையைப் பார்த்தார். அதன்மேல் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. "டைப்பிங் வாத்தியார்னு சொன்னியே, உக்காரு" என்றார். சிப்பாய் வேலு எங்கே, எப்படி இருக்கிறான் என்று ராணுவ அலுவலகத்துக்கு ஒரு கடிதம். என்ன காரணத்தால் இந்த விசாரணை அவசியமாயிற்று என்பதையும் அதில் எழுத வேண்டும் என்றார். ஆக, நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதை நானே இங்கிலீஷில், ஒரு பிழையில்லாமல், இரண்டு கார்பன் பிரதிகளோடு அடித்துக் கொடுத்தேன். ராஜம்மா ஒவ்வொரு எழுத்தும் விழுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

சட்டை, தொப்பி, பெல்ட் மூன்றையும் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள். பெல்ட் இல்லாமல் மாமாவின் பேண்ட் நிற்காது. வெற்றுப் பனியனோடு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி வாசலில் நின்றபோது, முனிசாமி தன் தோள்துண்டை எடுத்து என்மேல் போட்டார். அன்று வாங்கிய அடிகளில் அதுதான் பலமாக விழுந்தது.

வீட்டில் நைனா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஆராதனைக்குப் போயிருந்தா பேண்டாவது நின்னுருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் வராவிட்டால்? வந்து, அது கெட்ட செய்தியாக இருந்துவிட்டால்? என் கண்ணீர் பலித்துவிட்டது என்று ராஜம்மா நினைப்பாளே! பெயரே தெரியாத ஒருவனுக்காக வாழ்க்கையில் முதல்முறை உண்மையாக ஜெபம் செய்தேன். ஆராதனையையும் தவறவிடவில்லை.

ஒருநாள் மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஆறடி உயரத்தில் ஓர் ஆள் நின்றான்.

"இங்க ஜெயசீலன் யாரு?"

"நான்தான். நீங்க?"

"வேலு. செத்தவன்."

பதினாறு டைப்ரைட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றன. நான் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் அடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு புலம்பினான்.

"யோவ், உன் லெட்டர் எங்க கர்னல் கைக்குப் போயிடுச்சிய்யா. பெத்தவளுக்கு எழுதாத சோம்பேறின்னு என்னப் புடிச்சிக்கினார். வாரம் ரெண்டு கடுதாசி, அவர் கண்ணு முன்னால உக்காந்து எழுதணும். எழுத விஷயமே இல்ல. சப்பாத்தி துன்னேன், தூங்கினேன்னு எத்தினி தடவ எழுதறது? போய் அம்மாவப் பாருடான்னு லீவும் குடுத்துட்டார். எங்க அந்த டிராமா? நானும் பாக்கணும்."

வராதே என்று கெஞ்சினேன். பண்டிகையன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலு சீருடையில். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மொட்டைத் தலைகள்.

தாயாக நடித்தது எஸ்தர், மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். (பிற்பாடு எனக்கு மனைவியானவள்.) நாடகம் எங்கும் தட்டவில்லை. கடைசிக் காட்சி. எஸ்தர் மகனைப் பற்றிக் கேட்டாள். நான் இரவல் வாங்கிய வேறு தொப்பியைக் கழற்றினேன். இந்தத் தடவை தாவீது தேவைப்படவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்த முனிசாமியின் கையை நினைத்தேன், கண் தானாக நிரம்பியது. கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. எங்கள் சபைப் போதகர் ஐயர்கூடக் கண்ணாடியைக் கழற்றினார். மெத்தட் ஜெயித்துவிட்டது என்று நினைத்த அதே வினாடி, முன்வரிசையில் ராஜம்மா எழுந்து நின்றாள்.

"நம்பாத பொண்ணே! இவன் சும்மா அழுவறான்! என்னான்டயும் இப்டியேதான் அழுதான்! உன் புள்ள எங்கயாவது நல்லாத்தான் இருப்பான். இதோ, என் புள்ளயப் பாரு!"

வேலு எழுந்து கூட்டத்துக்குச் சல்யூட் அடித்தான்.

எஸ்தர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னிடம், "அப்ப சரி, உள்ள வந்து சோறு துன்னுட்டுப் போ" என்று சொல்லி நாடகத்தை முடித்துவைத்தாள். திரையை இழுக்க வேண்டிய தேவதானம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். ஐயர் முடிவு ஜெபத்தில், மரித்தோரின் உயிர்த்தெழுதலுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

அத்தோடு என் கண்ணீருக்கு மதிப்பு போய்விட்டது. மகளின் கல்யாணத்தில் நான் கண்ணைத் துடைத்தபோது எஸ்தர் ஓடிப்போய்ச் சம்பந்தி வீட்டாரிடம், "அவர் அழுதா ஒண்ணும் இல்லீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் இது பரவியிருக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை. நாடகம் நடந்து சில வருஷம் கழித்து நைனா காலமானார். தகவல் கேட்டு வேலு தன் அம்மாவைக் குடிபாலாவிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தான். நான் வாசலில் நின்று, அடக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். ராஜம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். உள்ளே போனாள். சவப்பெட்டியருகே குனிந்து, நைனாவின் மூக்குக்கு நேரே விரலை நீட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.