சண்டை போட ஓர் அறை

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது என்பார்கள். மாப்பிள்ளை கட்டிக்கொடுத்த வீட்டைச் சொல்லலாமா என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை.

மத்தியதரைக் கடல் பாணி என்று வரைபடத்தை விரித்து, "உள்ளயும் வெளியயும் ஒண்ணாக் கலந்துடணும் மாமா" என்றீர்கள். கலந்துவிட்டது. கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே இருக்கிற மடக்குக் கண்ணாடித் தடுப்பைத் திறந்து வைத்தால் மழை சோபாவில் உட்கார்ந்துகொள்கிறது, நான் நிற்கிறேன். மூடி வைத்தால் இரண்டு பேரும் உள்ளே வேகிறோம். தொட்டியில் வைத்த ஆலிவ் மரம் காய்க்கிற வழியைக் காணோம், என் தேநீரில் இலை உதிர்ப்பதோடு சரி. பக்கத்துத் தெருப் பூனை ஒன்று வளைவு வாசல் வழியாக வந்து, சமையல் மேடையில் பாலைக் குடித்துவிட்டு, படுக்கையறை வழியாக வெளியே போகிறது. உங்கள் வரைபடம் அதற்கு மட்டும் தெளிவாகப் புரிந்திருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். உங்கள் அத்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. பழைய வீட்டில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டிய மட்டும் கத்துவோம், முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட உட்காருவோம். இங்கே சாத்துவதற்குக் கதவு ஏது? படுக்கையறைக்கும் வளைவுதான், அதற்கப்பால் முற்றம், அதைச் சுற்றி இடுப்புயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் தும்மினால் "மாத்திரை போட்டீங்களா?" என்று விசாரிக்கிறார். வீட்டுப் பேச்சு நாலு பேர் காதில் விழக் கூடாது என்பதில் அத்தை கறாரானவள். அதனால் குடிவந்ததிலிருந்து அவள் என்னைத் திட்டவே இல்லை. நேற்று என் மூக்குக்கண்ணாடி குழம்புக்குள் விழுந்தது. "பரவால்லங்க, பாத்து இருங்க" என்றாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேசியது அவள்தானா என்று பார்த்தேன். மருத்துவர் அழைப்பதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறோம். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மனைவியைக் காணோம்.

ஆகவே ஒரே ஓர் அறை கட்டித் தாருங்கள். நாலு பக்கமும் சுவர், தாழ்ப்பாளோடு மரக்கதவு. சன்னல்கூட வேண்டாம். பாணி கெட்டால் கெடட்டும்.

நீங்களும் மகளும் எல்லா வளமும் பெற்று, மனம்விட்டுப் பேசி, நீண்ட நாள் வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: உறை எடுக்கப் போன நேரத்தில் காற்று இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் அத்தையின் காலடியில் போட்டுவிட்டது. படித்தாள். "இது மாப்பிள்ளைக்கு எழுதுற விஷயமா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு? நான் பேசலன்னா ஏன்டீன்னு எங்கிட்ட கேக்கத் தெரியாதா?" என்று நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. நானும் விடவில்லை. தலைமையாசிரியர் எழுந்து உள்ளே போய், தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் அவள் அழுதுவிட்டாள், நானும்தான். "எழுதினது எழுதியாச்சு, அனுப்பித் தொலைங்க" என்கிறாள். அனுப்புகிறேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அறை வேண்டாம், மாப்பிள்ளை.