வாயைத் திறந்து கேட்கட்டும்

அவள் கேட்காமலே மருந்துக்கடைக்காரர் தொண்டை மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"நான் கேட்டது தலைவலி மாத்திரை."

"தெரியும்மா, அதையும் தர்றேன். முதல்ல இதை வாயில போட்டுக்குங்க. டிவியில தேனா ஒழுகுற குரல் இப்படிக் கட்டிப்போய்க் கிடக்கே, மனசு கேக்கல."

"என் தொண்டை கட்டல. என் குரலே இதுதான்."

கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், பேசவே முடியல. இதுல எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்றார் ஒரு பெண்மணி. கடைக்காரர் கலங்கிய கண்களோடு, "இதுக்குக் காசு வேணாம்மா" என்றார்.

அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தெருமுனைக்கு வந்த பிறகுதான், தலைவலி மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டுத் தொண்டை மாத்திரையோடு வந்திருப்பது தெரிந்தது. தலைவலி இரட்டிப்பானது.

தினமும் மாலையில் வருகிற சீரியலில் அவள்தான் கதாநாயகி. பொறுமையே உருவான மருமகள். அந்த முகம் அவளுடையது. கண்ணீர் அவளுடையது. அறை வாங்குகிற கன்னமும் அவளுடையதுதான். குரல் மட்டும் வேறு யாருடையதோ.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உங்க முகம் 'மன்னிச்சிடுங்க அத்தை'ங்குது. குரல் 'வெளியில வா, பாத்துக்கறேன்'ங்குது. நான் எதை நம்பறது?"

அவள் குரலை ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. ஓடுகிற பேருந்தை நிறுத்தவும், தண்ணீர் லாரிக்காரனை மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிடவும் அதைவிடத் தோதான குரல் கிடைக்காது. காதலுக்குத்தான் கொஞ்சம் இடிக்கும். அவள் தன் காதலைச் சொன்னபோது, இப்போது கணவராகிவிட்ட அவர் முதலில் மன்னிப்புத்தான் கேட்டார்.

அதனால் டப்பிங். வேறெங்கோ ஒரு கட்டடத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து யாரோ ஒரு பெண் அவளுக்காகப் பேசுகிறாள். இரண்டு வருஷமாகியும் அவளை இவள் பார்த்ததில்லை. சீரியலில் பெயர் போடுவதுமில்லை. ஆனால் ஊரில் எவனைக் கேட்டாலும் "அந்தக் குரல் இருக்கே!" என்றுதான் ஆரம்பிக்கிறான். வெயிலில் கருகி, விளக்கில் வெந்து நடிப்பவளுக்கு எரியுமா எரியாதா?

எரிந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே குளிரச் செய்வதற்கு மாமியார் இருந்தார்.

மாமியார் இவர்கள் கல்யாணத்துக்கே வராதவர். வேறு ஊரில் மூத்த மகனோடு இருந்தவர், சீரியல் ஆரம்பித்த சமயத்தில் திடுதிப்பென்று பெட்டியோடு வந்து, கூடத்தின் ஓரக் கட்டிலில் குடியேறிவிட்டார். வந்த நாளிலிருந்து மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை, எதுவும் இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, கையில் ஒரு வெந்நீர்க் குடுவை, முகத்தில் ஒரு பூட்டு. சீரியல் ஆரம்பிக்கும் இசை கேட்டால் போதும், எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

மதியமானால் முழங்கால் வைத்தியத்துக்கு என்று கிளம்புவார். எத்தனை வைத்தியம் பார்த்தும் குணமாகாத அந்த முழங்கால், மாடிப்படியில் மட்டும் குமரிப்பெண்ணின் கால் போல ஏறும்.

அவருக்கு மொழிபெயர்ப்பாளர், பெற்ற பிள்ளைதான். மாமியார் ஒரு புருவத்தைத் தூக்கினால், "உனக்கு நாளைக்குச் சீக்கிரம் ஷூட்டிங்காம், காலைச் சாப்பாட்டை அம்மாவே பாத்துக்கறாங்களாம்" என்று மூச்சுவிடாமல் சொல்வார் கணவர்.

"இவ்வளவும் அந்தப் புருவத்துலயா இருந்துச்சு?"

"சுருக்கமா சொன்னாங்க."

சண்டை உச்சத்துக்குப் போவது ஏசி விஷயத்தில். நாளெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் வெந்தவளுக்கு, வீட்டுக்கு வந்தால் கூடம் ஜில்லென்று இருக்கவேண்டும். மாமியாரோ அது ஓடினாலே சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். கொஞ்சம் அசந்தால் அணைத்துவிடுவார்.

"கொஞ்சம் குறைச்சு வைக்கலாமே" என்றார் கணவர்.

"உங்கம்மா வாயைத் திறந்து கேக்கட்டும். உடனே குறைக்கிறேன்."

கணவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் படப்பிடிப்பில் அவள் நேராக இயக்குநரிடம் போனாள். "இனிமே என் குரல்ல நானே பேசறேன்."

இயக்குநர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. "எதுக்கும்மா? நல்லாப் போயிட்டு இருக்கற வண்டியை நிறுத்தி எதுக்குச் சக்கரத்தைக் கழட்டணும்?"

"தெருவுல போறவனெல்லாம் எனக்கு இலவசமா மாத்திரை குடுக்கறான்! யாரு சார் அந்தப் பொம்பள? முதல்ல பேரைச் சொல்லுங்க."

"பேரு சொல்லக்கூடாதுங்கறதுதான் அந்தம்மா போட்ட ஒரே நிபந்தனை."

"ஓகோ, அவ்வளவு பெரிய மகாராணியா? ஒரு எபிசோட் எனக்குக் குடுங்க. ஒரே ஒரு எபிசோட். இல்லேன்னா நாளைலேர்ந்து நான் வரமாட்டேன்."

அவள் அதைச் சொன்ன குரலுக்குப் படப்பிடிப்புத் தளத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

அது ஆஸ்பத்திரிக் காட்சி. "டாக்டர், என் புருஷன் உசுரு உங்க கையிலதான் இருக்கு" என்று அவள் கதறவேண்டும். கதறினாள். வயிற்றிலிருந்து, அடிநெஞ்சிலிருந்து, உண்மையாகக் கதறினாள். ஒளிபரப்பானபோது, பார்த்தவர்களுக்கெல்லாம் உடனே ஓடிப்போய் டாக்டரைக் காப்பாற்றவேண்டும் போல் இருந்தது.

சேனல் அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. "எங்க பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று வயதான அம்மாக்கள் அழுதார்கள். மருந்துக்கடைக்காரர் ஆவி பிடிக்கிற கருவி ஒன்றை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். 'கடவுள் இருக்கிறார்' என்று ஒரு சீட்டு வேறு.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது கூடத்தில் நடந்தது. சீரியல் என்றால் பால்கனிக்கு ஓடுகிற மாமியார், அன்றைக்கென்று பார்த்துக் கட்டிலை விட்டு அசையவில்லை. இவள் கதறலைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கறாங்க! பாருங்க, உங்கம்மா சிரிக்கறாங்க!"

"சேச்சே, அது வந்து..."

"மொழிபெயர்க்காதீங்க! சிரிப்புக்கு யாரும் அர்த்தம் சொல்லவேணாம்!"

ஏசியை அதிகக் குளிரில் வைத்தாள். ரிமோட்டைத் தன் மேக்கப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மாமியாருக்குக் கேட்கும்படி சொன்னாள். தெருவுக்கே கேட்டது. "வேணுங்கறவங்க வாயைத் திறந்து கேக்கட்டும்!"

மாமியார் கேட்கவில்லை. சால்வைக்கு மேல் போர்வை, போர்வைக்கு மேல் மகனுடைய மழைக்கோட்டு என்று போர்த்திக்கொண்டு, மூட்டை போலப் படுத்திருந்தார். கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஏதோ சொல்ல வருகிறவர் போலவும், சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்தவர் போலவும் இருந்தது அந்த முகம். மூட்டைக்குள்ளிருந்து ஒரு கண் அவரை முறைத்தது. மூடிக்கொண்டார்.

இதற்குள் சேனலிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பழைய குரலே பேசவேண்டும், உடனே பேசவேண்டும்.

அவமானத்தை விழுங்கிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனவளை இயக்குநர் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மா டப்பிங்குக்கு வரல. நாலு எபிசோட் பேசாமக் கிடக்கு."

"ஏன் வரலையாம்?"

"காரணம் சொல்லல. நீங்க போட்ட கூத்துல கோவிச்சுக்கிட்டாங்களோ என்னவோ. சேனல்ல ஒரு யோசனை சொல்றாங்க. உங்க கேரக்டருக்கு ஒரு விபத்து. பேச்சு போயிடுது. ஊமை."

"ஊமையா!"

"கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் மாசத்துக்கு ரெண்டு நாள் வந்து ஜன்னல் பக்கத்துல உக்காந்துட்டுப் போனாப் போதும். அந்த இடத்துக்குத் தங்கச்சி கேரக்டர் ஒண்ணு கொண்டுவரலாம்னு பேச்சு. அந்தப் பொண்ணு சொந்தக் குரல்லயே பேசுமாம்."

இப்படித்தான் இந்தத் தொழிலில் ஆளைத் தீர்த்துக்கட்டுவார்கள். முதலில் பேச்சைப் பிடுங்குவார்கள். பிறகு ஜன்னல் பக்கம் உட்காரவைப்பார்கள். பிறகு ஒருநாள் ஜன்னலை மட்டும் காட்டுவார்கள். படாதபாடு பட்டுப் பிடித்த இடம், ஒரு முகம் தெரியாத பெண்ணின் கோபத்தால் போகப்போகிறது.

"டப்பிங் தியேட்டர் எங்க இருக்கு?" என்றாள். இயக்குநர் பயத்தில் வழியை வரைந்தே கொடுத்துவிட்டார்.

அது ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு, கனமான கதவைத் தள்ளிக்கொண்டு போனால், பொத்தான்கள் நிறைந்த மேசைக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு மைக், ஒரு நாற்காலி, காலியாக.

"மேடம்! நீங்க இங்க வரக்கூடாதே!"

"எங்க அவ? கூப்பிடுங்க!" பொத்தான் மேசையில் சத்தத்தை அளக்கிற முட்கள் எல்லாம் துள்ளிச் சிவப்புக்குப் போயின. "எனக்கு என்ன தலையெழுத்து? வீட்டுல ஒரு பொம்பள ரெண்டு வருஷமா என்கிட்ட வாயைத் திறக்கமாட்டேங்கறா. இங்க ஒரு பொம்பள ரெண்டு வருஷமா என் வாயை எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசறா. அவளும் இப்ப நிறுத்திட்டா! நான் என்னதான் பண்ணட்டும்?"

கடைசி வார்த்தையில் அந்தப் பெரிய குரல் உடைந்துவிட்டது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிப்பதிவாளர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க மேடம். அந்தம்மாவைத் தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலத்துல ரேடியோ நாடகத்துல பேசினவங்க. கல்யாணம் ஆனதும் வீட்டுல நிறுத்திட்டாங்களாம். சேனல்காரங்க முதல் வாரமே உங்களை மாத்தறதா இருந்தாங்க, தெரியுமா? முகம் ஓகே, குரல் வேணாம், வேற பொண்ணைப் பாருங்கன்னு. அப்பதான் அந்தம்மா வந்து பேசிக் காட்டினாங்க. உங்க இடம் நின்னுச்சு."

"எனக்காகவா வந்தாங்க? யாருன்னே தெரியாத எனக்காகவா? அப்புறம் எதுக்கு இந்த ரகசியம்?"

"நான்கூடக் கேட்டேன், பேராவது போட்டுக்கலாமேன்னு. 'வேணாம்ப்பா, நான்தான்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு ரோஷக்காரி, வேலையையே விட்டுட்டுப் போயிடுவா'ன்னாங்க. அதுக்காக வெளியில எங்கயும் வாயே திறக்கறதில்ல மேடம். டீ வேணும்னாக்கூட விரலைக் காட்டுவாங்க. பேசினா அந்தக் குரல் காட்டிக்குடுத்திடும்ல? பேசறதெல்லாம் இந்தக் கண்ணாடிக்குள்ளதான்." அவர் லேசாகச் சிரித்தார். "அதுலயும் எப்பவாவது நீங்க மாமியாரை எதிர்த்துப் பேசற சீன் வந்துச்சுன்னா, ஒரே டேக்ல ஓகே. அவ்வளவு குஷி."

அவளுக்குக் கோபம் இறங்குவதற்கு வழி தெரியாமல் நடுவழியில் நின்றது. "அப்ப நான் சொந்தக் குரல்ல பேசினதுக்குத்தானே கோவிச்சுக்கிட்டு வரல?"

"யாரு சொன்னா? அன்னிக்கு எபிசோட் முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணிக் கிசுகிசுன்னு அழுதாங்க. 'பொண்ணு உசுரைக் குடுத்துப் பேசியிருக்கா, இந்த ஜனங்களுக்குத்தான் காது இல்ல'ன்னு. அவங்க வராததுக்குக் கோபம் காரணமில்ல மேடம். நெஜமாவே தொண்டை கட்டிப்போச்சு. காத்துதான் வருது, சத்தம் வரல."

மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரை அட்டை அவள் கைப்பையில் அப்படியே இருந்தது. அதை எடுத்தாள். பெட்டிச் சாவியும் அதோடு சேர்ந்து வந்தது.

"அவங்க அட்ரஸைக் குடுங்க. இப்பவே போய் இதைக் குடுத்துட்டு, காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வர்றேன்."

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்துகொண்டார். ஒருமுறை காலி நாற்காலியைப் பார்த்தார். இன்னொருமுறை அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"அட்ரஸ் எதுக்கு மேடம்? நீங்க பாட்டுக்கு உங்க வீட்டுக்குப் போங்க. போனதும் அந்த ஏசியை மட்டும் அணைச்சிடுங்க."