மாட்டுக்குப் பக்க எண் கேட்டவர்

ஆதாரம் கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்து, "இன்னிக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரண மனிதர் என்றால் கூடச் சேர்ந்து நடுங்குவார். இந்த இனம் மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "யார் சொன்னது?" என்று கேட்கும். எல்லா ஊரிலும் இவர்கள் கிடைப்பார்கள். ஆனால் செழித்து வளர்வது பல்கலைக்கழகங்களில்தான். அங்கே இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

நெதர்லாந்தின் வடக்கு மூலையில், எங்கள் பல்கலைக்கழகத்தில், இந்த இனத்தின் தலைவி வீட்ஸ்கே ஹோக்ஸ்ட்ரா. மாணவர்கள் கட்டுரை எழுதும்போது எந்தச் செய்தியை எங்கிருந்து எடுத்தார்கள் என்று முறையாகக் காட்டக் கற்றுத் தருவது அவர் வேலை. நூற்பட்டியலில் காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தால் அவருக்கு அன்று மதியம் சாண்ட்விச் இறங்காது. இதற்காக அவர் எழுதிய சிறு கையேடு ஒன்று உண்டு. வடக்கே அதைத் தொடாமல் பட்டம் வாங்கியவர் எவரும் இல்லை என்பார்கள். (யார் சொன்னது? தெரியாது. பேசாமல் படியுங்கள்.)

வீட்டிலும் இதே கதைதான். பிறந்தநாள் விருந்தில் எல்லோரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிறந்தநாள்காரரின் மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, மடியில் ஒரே ஒரு கேக் துண்டோடு உட்கார்ந்திருக்கும்போது, ரயில் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதே இல்லை என்று மச்சான் பாவம் சும்மா சொல்லி வைப்பார். எந்த ஆண்டுப் புள்ளிவிவரம் என்று கேட்பார் வீட்ஸ்கே. அதோடு வட்டம் முழுக்கக் கேக்கைப் பார்க்கக் குனிந்துகொள்ளும். சூப்பில் உப்பு குறைவு என்று சொல்லும் துணிச்சலைக் கணவர் டாவெ எப்போதோ இழந்துவிட்டார். எழுந்துபோய்த் தானே போட்டுக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் யெல்மர் என்ற மாணவன் மாட்டிக்கொண்டான். எங்கள் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகள் ஏன் மேற்கே வாசல் வைப்பதில்லை என்பது அவனுடைய ஆய்வேடு. நல்ல ஆய்வேடு. திங்கட்கிழமை நகரமைப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் வீட்ஸ்கேயின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வரவில்லை. முதல் பக்கத்திலேயே சிவப்பு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் இருந்த வாக்கியம் இது: "மேற்கிலிருந்து மழைக்காற்று அடிக்கும்போது மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்."

அவன் ஓடிப்போய் நின்றான்.

"மேடம், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நீங்களே பண்ணை வீட்டுல பொறந்தவங்க."

"எனக்குத் தெரியும் யெல்மர். எங்கிருந்து தெரியும்னு நீ காட்டணும்."

கேட்டீர்களா நியாயத்தை? பதினெட்டு வயது வரை தினமும் மாட்டின் முதுகைப் பார்த்து வளர்ந்தவர், மாட்டுக்குப் பக்க எண் கேட்கிறார்.

யெல்மர் நூலகத்துக்குப் போனான். நல்லவேளை, மூன்று பேராசிரியர்கள் மூன்று கட்டுரைகளில் அந்த மாட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்ஸ்கேயிடம் பாடம் கேட்டவன் அல்லவா? அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தான். மூன்றாமவர் இரண்டாமவரைக் காட்டினார், இரண்டாமவர் முதலாமவரைக் காட்டினார், முதலாமவர் போஸ்ட்மா என்பவரின் புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினார். அந்தப் புத்தகம் எந்த நூலகத்திலும் இல்லை. நாட்டில் எங்குமே இல்லை. போஸ்ட்மாவின் பெயர் இருந்த இன்னோர் இடம் ஒன்றே ஒன்றுதான். யெல்மர் அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை வீட்ஸ்கேயின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"மேடம், இந்தப் போஸ்ட்மா யாரு?"

"எந்தப் போஸ்ட்மா?"

"உங்க கையேட்டுல இருக்காரே. சான்று எப்படிக் காட்டணும்னு ஒரு மாதிரி வாக்கியம் போட்டிருக்கீங்க. மாடு, காத்து, முதுகு. போஸ்ட்மா, நாப்பத்தொண்ணாம் பக்கம்."

வீட்ஸ்கே கையேட்டை வாங்கிப் பார்த்தார். கழுத்தில் கிளம்பிய சிவப்பு காதுவரை ஏறியது. மெல்லிய குரலில், அதைத் தன் அப்பாவின் சமையலறையில் உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னார். அன்று நல்ல மழை. உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மாடுகள் நின்றன. ஒரு பெயர் வேண்டியிருந்தது. வாசலில் பால் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் பெயர் போஸ்ட்மா. அவர் வாழ்நாளில் ஒரு வரிகூட எழுதியவர் இல்லை.

"அப்போ அந்த மூணு பேராசிரியருங்களும்?"

"என் கையேட்டைப் பாத்து எழுதியிருக்காங்க."

யெல்மருக்கு இரக்கமாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை அடித்துவிடுவதாகவும், தான் யாரிடமும் மூச்சுவிடப் போவதில்லை என்றும் சொன்னான். வீட்ஸ்கேக்கு அது எவ்வளவு வசதி, பாருங்கள். ஒரு கோடு இழுத்தால் போதும். மானம் தப்பும், அவனுக்குக் கையெழுத்தும் கிடைக்கும்.

"அடிக்காத," என்றார் வீட்ஸ்கே. "மாடு அப்படித்தான் நிக்கும். அது உண்மை."

பிறகு பேனாவை எடுத்துத் தானே அடிக்குறிப்பு எழுதினார்: வீட்ஸ்கே ஹோக்ஸ்ட்ரா, நேரில் கண்டது, அப்பா வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கணத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உடனே அரை மதிப்பெண்ணைக் குறைத்தார்.

"இது எதுக்கு மேடம்?"

"பக்க எண் இல்லையே."

யெல்மர் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டான். வீட்ஸ்கே அதே வாரம் மூன்று பேராசிரியர்களுக்கும் எழுதி, போஸ்ட்மா என்று ஓர் எழுத்தாளர் இல்லை, அது தன் கற்பனை, மன்னிக்கவும் என்று பணிவாகச் சொன்னார். இருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் மட்டும் மறுநாளே ஒரே வரியில் பதில் அனுப்பினார். போஸ்ட்மா இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்.

டாவெ அன்றிரவு அந்தப் பதிலைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். சூப்பில் உப்பு இல்லை என்று வாய்விட்டுச் சொன்னார். வீட்ஸ்கே ஆதாரம் கேட்காமல் உப்பை நகர்த்தி வைத்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பால் வண்டி வந்த இடத்திலேயே, "இதெல்லாம் நிஜமா நடந்ததா? உனக்கு யார் சொன்னது?" என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். எழுந்ததா? அப்படியானால் வாருங்கள், வீட்ஸ்கேயின் வட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. எழவே இல்லையா? அது இன்னும் மோசம். நாளைக்கு இதை யாரிடமாவது சொல்லப்போகும் நான்காவது பேராசிரியர் நீங்கள்தான்.