மூன்று நொடியில் மூன்று முடிவு

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஒரு தொழிற்சாலையே நின்று பார்த்த விஷயத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கிய காலம். (கைப்பேசி விளையாட்டில் பாம்பு வளர்த்துக்கொண்டிருந்தோம்.) நான் ஏ ஷிப்ட் சூப்பர்வைசர். புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்திருந்த அமெரிக்காக்காரர் ஒருவர், பொழுது போகாமல் எங்களுக்கு அவர் ஊர்க் கால்பந்தைச் சொல்லிக்கொடுத்தார். (பெயர்தான் கால்பந்து, முக்கால்வாசி ஆட்டம் கையில்தான்.) முட்டை வடிவப் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. ஆளைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதை மட்டும் மேனேஜர் தடுத்துவிட்டார், தொட்டாலே அவுட்.

பொங்கலுக்கு அவசர ஆர்டர் வந்தது. இரண்டு ஷிப்டில் ஒன்றுக்குத்தான் லீவு. "மேட்ச் வைப்போம், ஜெயிக்கிறவர்கள் ஊருக்குப் போகட்டும்" என்றார் அமெரிக்காக்காரர். எங்களில் பாதிப்பேர் தெற்கத்திக்காரர்கள். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்குக் கோவில்பட்டியில் பெண் பார்க்கும் சடங்கு வேறு. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு என்னைக் கேப்டனாக்கினார்கள்.

கடைசி நொடிகள். பி ஷிப்ட் பன்னிரண்டு, நாங்கள் ஒன்பது. ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. எல்லைக்கோடோ எங்கோ கிடந்தது. ஒரு நிமிடம் இடைவேளை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சேரப்பணஞ்சேரி தேவராஜ் சொன்னான்: "சார், நான் ஒதைக்கிறேன். சமமாயிடும், அப்பால பாத்துக்கலாம்."

அவ்வளவு தூரம் அவன் உதைத்து நான் பார்த்ததில்லை. இருந்தும், "சரி, உதை" என்றேன். ஓடிவந்து உதைக்க அவன் பத்தடி பின்னால் போய்விட்டான்.

திருநெல்வேலிச் சுடலை என் கையைப் பிடித்தான். "அண்ணே, எனக்கு உசரத் தூக்கிப் போடுங்க. புடிச்சிருவேன்."

அவனைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். "சரி, உனக்கே போடறேன்" என்றேன்.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நகத்தைக் கடித்தேன். மூன்றாவதாக எனக்கே ஒன்று தோன்றியது: பந்தைப் பின்பக்கமாகவே கைமாற்றிக் கைமாற்றி ஓடினால் என்ன?

"இன்னா சார், இன்னும் யோசிச்சிகினே கீறே?" என்று பின்னாலிருந்து தேவராஜ் கத்தினான்.

விசில் ஒலித்தது. பந்து என் கைக்கு வந்தது. சுடலைக்கு எறியக் கையை ஓங்கினேன். ஐந்து பேர் ஆறு பேரானார்கள். பயந்துபோன நான், பின்னால் நின்ற தேவராஜிடம் பந்தைத் தள்ளிவிட்டு, அவனுக்கு வழி செய்ய முன்னால் ஓடினேன். அவனுக்கு நான் கொடுத்திருந்த உத்தரவு ஒன்றே ஒன்று. உதைத்தான்.

பந்து என் பின்மண்டையில் இறங்கியது. நான் மூக்கு தரையில் பட விழுந்தேன். தெறித்த பந்தைப் பிடித்த பி ஷிப்ட்காரன், எங்கள் பக்கக் கோட்டை நடந்தே தாண்டினான். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலன்று ஏ ஷிப்ட் முழுவதும் லைனில் நின்றது. சுடலை தன் டிக்கெட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

நான் ஊருக்குப் போகாததால், பெண்ணின் அப்பாவே சந்தேகப்பட்டுச் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். என் மூக்கில் பெரிய கட்டு.

"மெசின்ல அடிபட்டுருச்சா தம்பி?"

"இல்லங்க. பந்து."

"எதிராளி அடிச்சானா?"

"இல்ல, நம்ம ஆளுதான். பின்னாடி நின்னு உதைச்சான்."

எழுந்து என் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னாடி உதைச்சா மூக்குல எப்படிய்யா அடிபடும்?"

வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஊருக்குப் போய் அதை அப்படியே நடித்துக் காட்ட, பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இவரையே பேசி முடிங்கப்பா" என்றிருக்கிறாள்.

இன்றும் ஓட்டலில் தோசையா பூரியா என்று நான் இரண்டு நிமிடம் திணறினால் போதும். "சீக்கிரம் சொல்லுங்க, எவனாச்சும் உதைச்சிரப் போறான்" என்பாள் மனைவி. மகளோ எழுந்து வந்து, என் பின்மண்டையை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள்.