மாமா – காலை

யாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவது நல்ல பழக்கம்தான். குரங்கை மட்டும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள். நான் பட்டதே போதும்.

எண்பதுகளின் நடுவில் நான் விலங்கியல் ஆய்வு மாணவி. செஞ்சிக் கடைத்தெருவில் அட்டகாசம் செய்த குரங்குகளைப் பிடித்து, பனமலைப் பக்கம் கொண்டுபோய் விடும்வரை கூண்டில் வைத்திருந்தார்கள். அவற்றைத் தொடாமல், ஊசி குத்தாமல், சிறுநீரை மட்டும் பிடித்து, அதிலுள்ள ஹார்மோனை அளந்து, கூண்டுக்குள் எவ்வளவு தவிக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. (நைனா இதை வெளியில் சொல்லமாட்டார். பெண் ஏதோ கெமிஸ்ட்ரி படிப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்.) இந்த வருஷம் முடிக்காவிட்டால் கல்யாணம் என்று கெடுவும் வைத்திருந்தார். விடுவேனா? விடியும் முன்பே கூண்டுக்கு அடியில் தட்டை நீட்டிக்கொண்டு தவம் கிடந்தேன்.

அவற்றில் பெரிய ஆண் குரங்கு ஒன்று வயிற்றைத் தடவிக்கொண்டே எல்லோரையும் முறைக்கும். அசப்பில் எங்கள் அரிசி மண்டி மாமாவேதான். அதற்கு 'மாமா' என்றே பெயர் வைத்தேன். பாட்டிலில் 'மாமா – காலை' என்று எழுதி, எங்கள் சொந்தத்தில் ஃபிரிட்ஜ் இருந்த ஒரே வீட்டில், அதாவது அதே மாமா வீட்டில், கொண்டுபோய் வைத்தேன். (அத்தனை புத்திசாலி நான்.)

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் கேட்ட சிறுநீரைக் கொடுக்காமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்த அத்தை, நான்தான் நயமாகப் பேசி அவரிடம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று பூரித்துப்போய், பாட்டிலை லேபில் கொடுத்துவிட்டார்.

நான் போனபோது மாமா ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார். சர்க்கரை துளியும் இல்லையாம். கொடுக்காத சிறுநீரில் சர்க்கரை எப்படி இல்லாமல் போனது என்று அவர் கேட்கவே இல்லை. ஜாங்கிரி கிடைக்கும்போது யார் கேட்பார்கள்?

என் கணக்கு முடிய அந்தப் பாட்டில் வேண்டும். குரங்குகளையோ மறுநாள் விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப சுகர் இல்லாதது கொரங்குக்கா?" என்றார் மாமா, ஜாங்கிரியைக் கீழே வைக்காமலே.

அத்தை ஜாங்கிரித் தட்டைப் பிடுங்கினார். "நாளைக்குக் காலையில ரெண்டு மாமாவும் குடுத்தாவணும்."

மாமா நழுவிவிடுவார் என்று மறுநாள் விடியும் முன்பே அவரையும் கையோடு கூண்டடிக்கு இழுத்துவந்தார். நான் தட்டோடு, மாமா பாட்டிலோடு உட்கார்ந்திருந்தோம். கம்பிக்கு இரண்டு பக்கமிருந்தும் மாமாக்கள் முறைத்துக்கொண்டார்கள். குரங்குதான் முதலில் கொடுத்தது. ரோஷம் வந்து மாமாவும் மறைவாக எழுந்துபோனார்.

ஆய்வு முடிந்தது, கல்யாணம் தள்ளிப்போனது. எண்பதைத் தாண்டிய மாமா இன்றைக்கும் ஒழுங்காக டெஸ்டுக்குக் கொடுக்கிறார். லேபிளை மட்டும் அத்தை யாரையும் நம்பாமல் தன் கையாலேயே எழுதுகிறார்: 'மாமா – மனுஷன்.'