பெண் பார்க்க வந்த அன்று நான் ஓட்டிய சைக்கிள்

வகுப்பில் வாயைத் திறக்கும் முன் டீச்சர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். பிள்ளைகள் பாடத்தை மறப்பார்கள். டீச்சர் கொடுத்த வாக்கை மட்டும் மறக்கவே மாட்டார்கள்.

மரக்காணத்தில் நான் அறிவியல் டீச்சர். அப்பா உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்த வருடம் உப்பு வாருகிற நேரத்தில், வரக்கூடாத மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போயிற்று. அப்பா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அந்த ஆத்திரத்தில் பருவநிலை மாற்றம், பெட்ரோல் புகை என்று வகுப்பில் பொரிந்து தள்ளினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"அப்ப நீங்க மட்டும் ஏன் மிஸ் ஸ்கூட்டில வர்றீங்க?"

"நாளையிலேர்ந்து சைக்கிள்தான்" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

அடுத்த வாரமே என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வருகிற அன்று எனக்குக் காலையில் ஸ்பெஷல் கிளாஸ். அம்மா ஸ்கூட்டி சாவியை நீட்டினாள்.

"இன்னிக்கி ஒருநாள் எடுத்துட்டுப் போடி. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னா, பெட்ரோல் போட வக்கில்லாத குடும்பம்னு எழுந்து போயிடுவாங்க."

"ஸ்கூட்டில போனா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படிம்மா முழிக்கறது?" என்று சைக்கிளை எடுத்தேன். (மாப்பிள்ளை மூஞ்சியைப் பற்றி யோசிக்கவில்லை.)

கிளாஸ் முடிய நேரமாகிவிட்டது. ரோட்டில் சுற்றாமல் உப்பள வரப்பில் இறங்கினேன். வரப்பில் சைக்கிள் ஓட்ட என்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. அப்பாவின் பாத்திக்குப் பக்கத்தில், ஷூ போட்ட ஓர் ஆள் எனக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பெல் அடித்தேன். கடற்காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. பிரேக் பிடித்தேன். உப்புக்காற்றில் துருவேறிய பிரேக் அது, பிடிக்கவில்லை. அவர் ஒரு பக்கப் பாத்தியில், நான் மறுபக்கப் பாத்தியில்.

எழுந்ததும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் கண்ணில் பட்டது அவருடைய ஷூ. எங்கள் ஊரில் செருப்புக்காலோடு பாத்திக்குள் யாரும் இறங்க மாட்டார்கள். சோற்றை மிதிப்பது போல அது.

"யோவ், மொதல்ல ஷூவக் கழட்டுய்யா. எங்கப்பா உப்புல நிக்கற."

"நீங்கதாங்க தள்ளிவிட்டீங்க."

"தள்ளினா? ஷூவோடயா விழுவாங்க? எதுல வந்த?"

"கார்லங்க."

விட்டேனா? சேலையெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்ட, கார் புகையில் ஆரம்பித்து அப்பாவின் கரைந்த உப்புவரை முழுப் பாடத்தையும் நடத்திவிட்டுத்தான் சைக்கிளைத் தூக்கினேன். பாவம், அவர் ஷூவைக் கையில் பிடித்தபடி ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் அவசரமாகச் சேலை மாற்றி, காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். நடு நாற்காலியில் வெறுங்காலோடு, பேண்டில் உப்புப் பூத்துப்போய் அதே ஆள். (மாப்பிள்ளை போட்டோவில் மீசையைத்தான் பார்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.) காபி பாதி தட்டிலேயே கொட்டிவிட்டது. இந்த வீட்டில் கல்யாணம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

"பொண்ணுகிட்ட எதனா பேசணும்னா தனியா பேசுப்பா" என்றார் அவருடைய அம்மா.

"வேணாம்மா. அவங்களே பேசிட்டாங்க" என்றவர், அப்பாவிடம் திரும்பினார். "மாமா, உங்க உப்புக்கு இவ்ளோ சண்டை போடறாங்க. எனக்குச் சம்மதம். அந்த பிரேக்கை மட்டும் நான் மாத்திடறேன்."

அப்பா சிரித்தார். மழைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது எங்கள் வாசலில் இரண்டு சைக்கிள் நிற்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோதான் வருகிறார்கள். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சாயங்காலம் தெருமுனையில் என் பெல் சத்தம் கேட்டால் போதும், வீட்டில் யாராவது குரல் கொடுப்பார்கள்: "டீச்சர் வர்றாங்க, ஷூவக் கழட்டு."

அவரும் கழற்றிவிடுகிறார்.